பதினொரு கைமருந்தும் ஒரு நெஞ்சும்

என் கூடப் பிறந்த மூத்தவள், ராத்தா நஜ்முன் நிஸாவுக்கு ‘ஏலாது’ என்று சொல்ல வராது. நாக்கில் குறையொன்றும் இல்லை. பிள்ளைகளை ஏசத் தொடங்கினால் மூதூர் இறங்குதுறை வரைக்கும் கேட்கும். ஆனால் வெளி ஆள் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், தலை தானாக ஆடிவிடும், வாய் ‘ஓம்’ என்றுவிடும். அதற்குப் பிறகுதான் கேட்டது என்ன என்று யோசிப்பாள்.

மூத்த மகளுக்குப் பெயர் வைத்த கதையைச் சொன்னால் விளங்கும். எங்கள் உம்மா ‘சித்தி பரீதா’ என்று வைக்கச் சொன்னார். மாமியார் ரபீக்கா என்றார். லோஞ்சு முதலாளியின் பெண்சாதி வந்து, ஸல்ஹாதான் அழகான பெயர் என்றார். மூன்றுக்கும் ராத்தா ஓம் சொன்னாள். அந்தப் பிள்ளை மூன்று வீட்டில் மூன்று பெயருக்குத் திரும்பிப் பார்த்து வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்குப் பெயரைக் கேட்ட ஆசிரியைக்கு அது, “எங்க வச்சு?” என்று திருப்பிக் கேட்டதாம்.

இப்படிப்பட்ட மனிசியிடம்தான் ஒரு மனிதனின் உயிர் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதன் அவளுடைய புருஷன் அபூதாஹிர், என் மச்சான். மூதூருக்கும் திருகோணமலைக்கும் நடுவே கொட்டியாரக் குடாவைக் கடக்கும் இயந்திரப் படகில், லோஞ்சில், டிக்கெட் கொடுக்கிறவர். லோஞ்சு ஜமால்தீன் முதலாளியுடையது. மச்சான் சாது. சனம் இரண்டு பேர் சண்டை பிடித்தால் நடுவில் போய் நிற்காமல் மறுபக்கம் போய்க் கடலைப் பார்ப்பார்.

எண்பதாம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மச்சானின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பிறகு கக்கத்திலும் வந்தது. திருகோணமலையில் பார்த்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் இரத்தினசிங்கம் என்று ஒருவர். யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள், அவசரப்படாமல் பேசுகிற ஆள். அவர் ராத்தாவையும் மச்சானையும் இருத்தி வைத்து விளங்கச் சொல்லியிருக்கிறார்.

“இது புற்றுநோய். ஆனால் கரைக்கக்கூடிய சாதி. சிவப்பு மருந்து ஒண்டு இருக்குது, மூண்டு கிழமைக்கு ஒருக்கா நரம்பால ஏத்துவம். ஆறு தரம் ஏத்த வேணும். குறைய ஏத்தினால் கட்டி திரும்பி வரும். இந்த மருந்தில ஒரு கரைச்சல், அது நெஞ்சைக் களைக்கப் பண்ணும். அதாலதான் ஒவ்வொரு தரமும் நெஞ்சில வயர் பூட்டிக் கோடு எடுத்துப் பாப்பம். நெஞ்சு பழுதெண்டு கண்டால் நான் மருந்தை நிப்பாட்ட வேண்டி வரும். அம்மா, நான் தராத ஒண்டையும் இவருக்குக் குடுக்கக்கூடாது. இலை, தழை, வேர் ஒண்டும் வேண்டாம். விளங்கிச்சோ?”

ராத்தா மனதார ஓம் என்றாள். பொய்யில்லை. அவள் எல்லாருக்கும் மனதாரத்தான் ஓம் சொல்வாள். வில்லங்கமே அதில்தான்.

முதல் மருந்து ஏற்றிவிட்டு ரயிலில் வந்து, லோஞ்சில் ஏறி, வீடு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் காலையில் பின்வளவுக் கக்கூசிலிருந்து மச்சான் போட்ட கூச்சல் இருக்கிறதே! சாதுவான மனிதனுக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். “நிஸா! ரெத்தம் போகுது!” என்று கத்தினார். சிவப்பு மருந்து சிறுநீரிலும் சிவப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று டொக்டர் சொல்லித்தான் இருந்தார். அந்த நேரத்தில் மச்சான் ஜன்னலால் எதையாவது பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

விஷயம் இரண்டு வேலிக்கு அப்பால் போகும்போது ‘சிவப்பாகப் போகிறது’ என்று இருந்தது. சந்தைக்குப் போனபோது ‘நெஞ்சு ரத்தம் கசிகிறது’ என்று ஆகிவிட்டது. பின்னேரம் லோஞ்சு திருகோணமலைக் கரையைத் தொட்டபோது அபூதாஹிரின் நெஞ்சே கரைந்து வெளியே போகிறதாம். கொழும்பு டொக்டர்மார் கட்டியைக் கரைக்கப் போட்ட மருந்து வழி தவறி நெஞ்சைக் கரைத்துவிட்டதாம். என்ன விளக்கம்!

பிறகு ஊர் சும்மா இருக்குமா? நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்தில் மானக்கேடு. வழக்கமாகப் பிஸ்கட்டும் தோடம்பழமும் வரும். இந்த முறை நெஞ்சைக் காக்கிற மூலிகைகள் வந்தன. அறுபது வருஷமாக மூலிகை என்ற பேச்சே எடுக்காத ஆட்கள் கூட ஒரே கிழமையில் வைத்தியர்கள் ஆனார்கள். ஒரு மாமி மாதுளந்தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்தார், சிவப்பைச் சிவப்பு கட்டுமாம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் காவல் வேலை பார்க்கும் ஒருவர் பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்து, அதைத் தாங்கியில் ஊற்றினால் துருவே கழன்றுவிடும், நெஞ்சு எம்மாத்திரம் என்றார். முருங்கைப்பட்டை வந்தது, வல்லாரை வந்தது, உள்ளியைத் தேனில் ஊறப்போட்டு ஒரு ஜாடி வந்தது. கட்டைபறிச்சான் ஊர்த் தவராசா அண்ணன் வெருகலாற்றங்கரை மருத மரத்தில் பட்டை சீவி, வெயிலில் காயவைத்து, கடதாசியில் சுற்றி, லோஞ்சுக்கே கொண்டுவந்து மச்சானின் கையில் கொடுத்தார். அவர் ஒருவர்தான் பாவம், “எனக்கு நிச்சயமாத் தெரியாது தம்பி, எங்கட ஆக்கள் நெஞ்சுக்குக் குடிக்கிறவை” என்று சொல்லிக் கொடுத்தவர்.

நானும் கொடுத்தேன். மறைப்பானேன்? எங்கள் வாசலில் நின்ற செவ்வரத்தம்பூவைப் பறித்து, அவித்து, வடித்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவேலியில் இருந்த ஓட்டை, அந்தப் பொட்டுக்குள்ளால் நீட்டினேன். எங்கே படித்தேன், யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். பூ சிவப்பு, நெஞ்சும் சிவப்பு. என் படிப்பு அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெரியது ஜமால்தீன் முதலாளியுடையது. வெள்ளெருக்கலம்பூவை நிழலில் காயவைத்து இடித்த தூள், சர்பத் போத்தல் ஒன்று நிறைய. அதைத் தன் வாப்பா தொண்ணூறு வயது வரைக்கும் சாப்பிட்டதாகச் சொன்னார். அவருடைய வாப்பா அறுபத்திரண்டு வயதில் மௌத்தாகி அடக்கமானவர். அந்த ஜனாஸாவுக்கு வந்திருந்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள், ஒருவர் வாய் திறக்கவில்லை. லோஞ்சு அவருடையது.

மச்சான் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, லோஞ்சு நடுக்குடாவுக்கு வந்ததும் மறுபக்கம் போய்க் கடலைப் பார்த்தபடி ஊற்றினார். டொக்டரின் சொல்லை அப்படியே காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் நூறு சனம் ஏறுகிற லோஞ்சில் ஒருவன் கடலில் ஊற்றுவது எத்தனை நாளைக்கு மறையும்? கண்ட சனம் வந்து ராத்தாவிடம் முறையிட்டது. கை நோகக் காய்ச்சிக் கொடுத்ததை மீனுக்கு ஊற்றுகிறாரே உன் புருஷன், நாங்கள் உங்களுக்கு என்ன குறை வைத்தோம் என்று ஒவ்வொருவராக வந்து கண்ணைக் கசக்கினார்கள்.

ராத்தாவால் ஒருவரின் கண்ணீரையே தாங்க ஏலாது. வந்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவரிடமும், “நீங்க கவலைப்படாதீங்க, நானே குடுக்கிறன்” என்று சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்பதுதான் வினை. யாருடையதை விடுவது, யாருடையதைச் சேர்ப்பது? ஒருவருடையதை விட்டால் அவர்களுக்குத் துரோகம். எனவே அவர்கள் மறுபடி கொண்டுவந்து தந்த பதினொன்றிலும் அளவாகக் கொஞ்சம் எடுத்து, ஒரே சட்டியில் போட்டு, தேங்காய்ப்பாலும் இஞ்சியும் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஒவ்வொரு பின்னேரமும் மச்சானுக்குக் கொடுத்தாள். முதலாளியின் போத்தலில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக. மரியாதை.

மச்சான் அதையும் குடித்தார். பெண்சாதியின் கஞ்சி கசந்து கைக்கிறது என்று எந்தப் புருஷன் சொல்வான்? சிவப்பு மருந்தால் நாக்குச் செத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டாராம்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு அவர் சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. நடந்தால் தலை சுற்றியது. ஒரு நாள் லோஞ்சிலிருந்து வந்தவர், “என்ன நிஸா, இண்டைக்கு ஏறின சனமெல்லாம் மஞ்சள் பூசினமாதிரி இரிக்கி” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போல் இருக்கிறது. கிழமை போகப் போக அவர் இரண்டு படி ஏறுவதற்கே குந்தி எழும்ப வேண்டி வந்தது. நாலாவது பயணத்தில் ராத்தாவுக்குத் தனியே அவரைப் பிடித்துக்கொண்டு போக ஏலாமல் போனதால் நானும் கூடப் போனேன்.

கோடு எடுத்த கடதாசியை டொக்டர் இரத்தினசிங்கம் நீளமாகப் பிடித்துப் பார்த்தார். மச்சானின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நெஞ்சு தவறித் தவறி அடிக்குது. இப்பிடியெண்டால் என்னால மிச்ச மருந்தை ஏத்த ஏலாது. வேற என்ன குடிச்சனீங்கள்?”

“அல்லாஹ் மேல சத்தியம் டொக்டர், ஒண்டும் குடிக்கல்ல. தந்த எல்லாத்தையும் கடல்லதான் ஊத்தினனான்” என்றார் மச்சான். அந்தப் பாவி மனிதன் உண்மையைத்தான் சொன்னார்.

டொக்டர் ராத்தாவைப் பார்த்தார். ராத்தாவிடம் யாரும் ஒன்றைக் கேட்டால்தான் அவள் மறைக்க மாட்டாளே. தலையை ஆட்டி, “ஓம், நான்தான் கஞ்சியில குடுத்தனான்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். யார் கொண்டுவந்தது, எந்த நாள், எத்தனை கரண்டி எல்லாம் வந்தது. டொக்டர் எழுதிக்கொண்டே போனார். செவ்வரத்தம்பூ வந்தபோது என் பெயரும் வந்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ சிங்கள அறிவித்தலை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி நின்றேன். மருதம்பட்டைக்கு டொக்டர் தலையை நிமிர்த்தி, “ம்” என்றார். எருக்கலம்பூவுக்குப் பேனை நின்றது.

“எருக்கலையோ? அம்மா, அது நெஞ்சைக் காக்கிற சாமானில்லை. நெஞ்சைப் பிடிச்சு நிப்பாட்டுற சாமான். சத்தி, மஞ்சள் பார்வை, தவறின அடி, எல்லாம் அதின்ர வேலையாத்தான் இருக்க வேணும்.”

மச்சான் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை. “கைச்சதுதான்” என்று மட்டும் சொன்னார். ராத்தா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள்.

“இப்ப கேளுங்கோ” என்றார் டொக்டர். “இது சிவப்பு மருந்தின்ர பழுதெண்டால் இதோட எல்லாம் முடிஞ்சுது, இனி ஏத்த ஏலாது, கட்டி திரும்பி வரும். எருக்கலையின்ர வேலையெண்டால் அதை நிப்பாட்டினால் தெளியும். மூண்டு கிழமை பாப்பம். அதுவரைக்கும் சோறு, தண்ணி, நான் எழுதின குளிசை மட்டும். கோடு தெளிஞ்சால் மிச்ச மூண்டையும் ஏத்துவன்.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அந்த மருதம்பட்டை நல்லதா டொக்டர்? நீங்க ‘ம்’ எண்டீங்களே” என்று கேட்டேன்.

அவர் எரிச்சலோடு சிரித்தார். “பழைய வைத்தியத்தில நெஞ்சுக்கு அதைத்தான் குடுக்கிறவை. இந்த மருந்தின்ர பழுதைத் தடுக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. ஒருநாள் ஆரும் ஆராய்ஞ்சு பாப்பினம். அது ஒண்டை மட்டும் குடுத்திருந்தால் நல்லதோ கெட்டதோ ஏதாவது எனக்கு விளங்கியிருக்கும். நீங்கள் காக்கிறதையும் கொல்லுறதையும் ஒரே சட்டியில போட்டுத் தேங்காய்ப்பாலும் விட்டிருக்கிறியள். இதில நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?”

ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். பதினொரு வீட்டிலும் ஒரே பதில்தான். தங்களுடையதில் பிழையில்லை, மற்றவர்களுடையதில்தான் ஏதோ இருந்திருக்கிறது. மாதுளந்தோல் மாமி பப்பாசி இலையைச் சாட்டினார். பப்பாசிக்காரர் உள்ளியைச் சாட்டினார். தவராசா அண்ணன் ஒருவர்தான், “அப்ப நிப்பாட்டுங்கோ தங்கச்சி, டொக்டர் சொன்னால் சரி” என்று சொல்லி, பிறகு வந்தபோது இரண்டு தேங்காயோடு வந்தவர்.

ஜமால்தீன் முதலாளி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் புதிய போத்தல். கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

“டொக்டர் ஆயிரம் சொல்லுவார், அவர் படிச்சது வெள்ளைக்காரன்ட படிப்பு. இது எங்கட வாப்பா சாப்பிட்ட சாமான். போன தரம் மத்தவங்கட குப்பையோட கலந்ததாலதான் வேலை செய்யல்ல. இந்தத் தரம் தனிய. கடல்ல ஊத்திற கதையெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி, அதனால நான் இருந்து பாத்திட்டுத்தான் போவன். புள்ள, ஒரு கோப்பையில தண்ணி கொண்டு வா.”

மச்சானின் கை போத்தலை நோக்கி நீண்டது. இருபது வருஷம் சம்பளம் வாங்கிய கை, அதற்கு வேறு பழக்கமில்லை. வாங்கினால் குடிக்க வேண்டும், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் கடலும் இல்லை.

“ஏலாது” என்று ஒரு சத்தம் கேட்டது.

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். ராத்தா அடுப்படிக் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன புள்ள சொன்ன?” என்றார் முதலாளி.

“ஏலாது முதலாளி. குடுத்தது நான், பிழையும் என்டதான். உங்கள நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா இனி இவர்ர வாயில ஒரு சொட்டும் போக ஏலாது. போத்தலக் கொண்டு போங்க.”

“அப்ப நான் நஞ்சா கொண்டு வந்த?”

“ஓம்” என்றாள் ராத்தா. பழக்கதோஷம்.

முதலாளி எழும்பிச் சால்வையை உதறினார். லோஞ்சுக்கு நெஞ்சு வலுவான ஆள்தான் சரிவரும், புதிதாக ஒருவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு ராத்தா குசினிக்குள் நிலத்தில் குந்திவிட்டாள். “சொல்லிட்டனா றம்ஸியா? வாயால வந்ததா?” என்று என்னையே கேட்டாள்.

ஒருதரம் வந்த சொல் பிறகு நிற்கவில்லை. வல்லாரைக்கும் ஏலாது, உள்ளிக்கும் ஏலாது. பார்க்க வருகிறவர்களின் கையை முதலில் பார்ப்பாள், பிறகுதான் முகம். பொட்டலம் தெரிந்தால் வேலி வாசல் கடப்பையே திறக்க மாட்டாள். ஊர் வாய் சும்மா இருக்குமா, நிஸாவுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது, புருஷனைச் சாகடிக்கப் பார்க்கிறாள் என்று எங்கும் கதை. நான் அவளுக்காக நாலு வீட்டு வாசலில் நின்று சண்டை பிடித்தேன். அறிவில்லாத சனம், இலை தழைக்குப் பிறந்த சனம் என்று என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எனக்கு அதில் ஒரு பெருமை கூட.

கொழும்புக்குப் போக ஒரு நாள் இருந்தது. அன்று பின்னேரம் மச்சானைப் பார்த்தேன். சத்தி நின்றிருந்தது, மஞ்சளும் போய்விட்டது. ஆனால் மனிதன் மெலிந்து, கண் குழிந்து, கதிரையில் இருந்தபடியே மூச்சு வாங்கினார். கையைத் தொட்டுப் பார்த்தேன். நாடி எனக்கு எண்ணத் தெரியாது. ஆனாலும் ஒன்று தவறியமாதிரித் தெரிந்தது. நாளைக்கு அந்தக் கடதாசியில் கோடு கோணினால் இந்த மனிதன் முடிந்தார், ராத்தா முப்பத்து நாலு வயதில் விதவையாகி இத்தா இருக்க வேண்டும், மூன்று பெயர்ப் பிள்ளை தகப்பன் இல்லாமல் நிற்கும். வீட்டுக்கு ஓடிப்போய்க் கருஞ்சீரகத்தை இடித்தேன், தேனில் குழைத்தேன், ஒரு சின்னச் சீசாவில் போட்டேன். இது மருந்தில்லை, சும்மா தேன்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலிப் பொட்டு அடைத்திருந்தது, ராத்தா அடைத்திருக்கிறாள். சுற்றிக் கடப்புக்குப் போனேன்.

“கையில என்ன?” என்றாள்.

“ஒண்டுமில்ல ராத்தா. சும்மா மச்சானைப் பாக்க.”

“முந்தானைக்குள்ள இரிக்கிற கைய வெளிய எடு.”

எடுத்தேன். அவள் சீசாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணீருக்குத்தான் அவள் என்றைக்கும் விழுவாள்.

“ஏலாது, றம்ஸியா. வீட்ட போ” என்று கடப்புத் தடியை இழுத்துப் போட்டாள்.

கூடப் பிறந்தவள் என்னை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் வழியனுப்ப இறங்குதுறைக்கும் போகவில்லை.

கோடு தெளிந்திருந்தது. டொக்டர் நாலாவது மருந்தை அன்றைக்கே ஏற்றினார். மூன்று கிழமையில் ஐந்தாவது, அதன் பிறகு ஆறாவது. கட்டி கரைந்தது, நெஞ்சு நின்று பிடித்தது. மச்சான் ஊருக்கு வந்து இறங்கியபோது கரையில் கூட்டம். மாதுளந்தோல் மாமி, தன் தோல்தான் காப்பாற்றியது என்றார். பப்பாசிக்காரர் சீனன்குடாவிலிருந்து லீவு போட்டு வந்து அதையே தன் இலைக்குச் சொன்னார். முதலாளி மச்சானைத் திரும்ப வேலைக்கு எடுத்தார். தன் பூவால் பிழைத்த ஆள் வேலையில்லாமல் நிற்பதா? ஏறுகிற சனத்துக்கெல்லாம் அவரைச் சுட்டிக்காட்டினார். மச்சான் மறுபக்கம் போய்க் கடலைப் பார்த்தார். ராத்தா மட்டும், யாராவது நோயாளி வீட்டுச் சனம் அந்தப் பூவைத் தேடி வந்தால், அது நஞ்சு என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

நீ என்ன கொடுத்தாய் என்று என்னிடமும் கேட்கிறார்கள். சீசாவைக் காட்டி, கொடுக்கலாமா என்று ராத்தாவிடம் கேட்கவா நான் அன்று கடப்படிக்குப் போனேன்? உள்ளே விட்டிருந்தால், ராத்தா திரும்பிய நேரம் பார்த்து அவர் வாயில் ஊட்டியிருப்பேன். சத்தியமாக ஊட்டியிருப்பேன்.